அலுவலாகச் செல்வோம், ஊரும் காண்போம்

(பேரிகையில் பஞ்சாயத்து அங்கத்தினரும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பேரிகையிலிருந்து நாள்தோறும் எத்தனை வண்டிகள் வெளியூர் செல்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். தக்காளி, கோசு, பீன்ஸ், குடைமிளகாய், ரோஜா ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு மாலையில் புறப்படும் வண்டி, ஓசூருக்கோ, மாலூர் வழியாகப் பெங்களூருக்கோ செல்கிறது. விடியுமுன் சரக்கு இறங்குகிறது. மண்டியில் விலை பேசப்படுகிறது. கழிவும் கூலியும் போக எஞ்சிய பணத்தை மடியில் முடிந்துகொண்டு, ஒரு குவளை காப்பி அருந்திவிட்டு உழவர் ஊர் திரும்புகிறார். இருபது ஆண்டுகளாக இவ்வாறு சென்றுவந்த பெரியவர் ஒருவரை, “பெங்களூரில் என்ன பார்த்தீர்கள்?” என்று வினவினோம். “மண்டியைப் பார்த்தேன்” என்றார். இது நகைப்புக்குரிய விடையன்று. நம்மில் பலருடைய விடையும் அதுவேயாகும்.

தொழில் நிமித்தம் செல்லும் பிரயாணத்தோடு ஊர் காணும் இன்பத்தையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த கருத்து. உல்லாசப் பிரயாணம் செல்வந்தருக்கே உரியது என்று நினைத்துவிடலாகாது. போகும் கூலியையும் வரும் கூலியையும் சரக்கே கொடுத்துவிடுகிறது. எஞ்சியிருப்பது அரை நாள் பொழுதும், காண வேண்டும் என்ற எண்ணமுமே.

பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். மூட்டை இறக்கும் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டிற்கும் கலாசிப்பாளையத்திற்கும் அருகிலேயே திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை நிற்கிறது. ஐதர் அலி தொடங்கி, 1791-இல் திப்பு முடித்த மர மாளிகை அது. அதே 1791-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காரன்வாலிசின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. பின்னர் அவ்வாண்டிலேயே நம் இராயக்கோட்டையும் வீழ்ந்தது. அந்த மரத்தூண்களைக் காணும் உழவர், தம் ஊர்க் குன்றின்மேல் சிதைந்து கிடக்கும் மதிலின் கதையையும் சேர்த்தே காண்கிறார்.

அங்கிருந்து சிறிது தொலைவில் லால்பாக் தோட்டம் உள்ளது. ஐதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம் அது. 1889-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகையில், குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. ரோஜா பயிரிடும் நம்மவர் அதைக் காணாதிருப்பது முறையோ? பிள்ளைகள் உடன் வந்தால், 1965-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லலாம்.

பயன் கருதிச் செல்வோருக்கு, 1967-இல் நிறுவப்பெற்ற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏசரகட்டாவில் உள்ளது. இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரிய வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கவல்ல ‘அர்கா ரக்சக்’ என்னும் தக்காளி அங்குத் தோன்றியதே. ஆயினும் எல்லாவற்றிலும் இலாபம் தேட வேண்டுவதில்லை. கண்ணும் மனமும் குளிர்வதும் ஒரு பயனே.

பஞ்சாயத்து அலுவலாகச் சென்னை செல்லும் அங்கத்தினர்களுக்கும் ஒன்று சொல்வோம். தீவுத்திடலருகே, சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமீது ஒருவர் அமர்ந்திருக்கும் சிலை 1839-இல் நிறுவப்பெற்றது. அவர் தாமசு மன்றோ. பாராமகால் 1792-இல் கும்பினியார் கைக்கு வந்தபின், காப்டன் ரீடின் கீழ் 1799 வரை இப்பகுதியில் பணியாற்றியவர். உழவரிடமே நேராக வரி தண்டும் இரயத்துவாரி முறை இங்கேதான் முளைவிட்டது. நம் முன்னோரின் நிலத்தை அளந்தவர் அங்கே நிற்கிறார். நாமோ பேருந்திலிருந்து பாராமலே கடந்து போகிறோம்.

இங்கு எம் குறையையும் சொல்லிவிடுகிறோம். அலுவலாக நாம் பலமுறை சென்னை சென்றதுண்டு. எம் அன்னையார், “கடல் எப்படி இருக்கும்?” என்று கேட்பார். “அடுத்த முறை அழைத்துப் போகிறோம்” என்போம். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் இரவு வண்டி ஏறித் திரும்பிவிடுவோம். அடுத்த முறை வருமுன் அவர் காலமாகிவிட்டார். அழைத்துச் செல்லப் பணம் இல்லாமல் இல்லை. நாளும் இல்லாமல் இல்லை. வேலைக்குப் போகுமிடத்தில் வேலையைத் தவிர வேறொன்றும் கூடாது என்று எண்ணியதே எம் பிழை. உங்கள் வீட்டிலும் அவ்வாறு கேட்பவர் இருக்கக்கூடும். அவரை மனத்தில் வைத்தே இவ்வளவும் பேசுகிறோம்.

இதில் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் சில உண்டு.

முதலாவது, கணக்கில் தூய்மை. பஞ்சாயத்து அலுவலாகச் செல்பவர், அலுவல் முடிந்த நேரம் முதல் ஆகும் செலவைத் தம் கைப்பணத்திலிருந்தே செய்தல் வேண்டும். ஊர்ப்பணத்தில் ஒரு நுழைவுச்சீட்டும் வாங்கலாகாது. சொந்தச் செலவில் காண்பது பெருமை. பொதுச் செலவில் காண்பது களவு.

இரண்டாவது, சரக்கு வண்டியில் குடும்பத்தை ஏற்றலாகாது. அது சட்டத்திற்குப் புறம்பானது, உயிருக்கும் கேடு. வண்டி முன்னே செல்லட்டும். குடும்பத்தார் காலைப் பேருந்தில் வந்து சேரட்டும்.

மூன்றாவது, இரவெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டியவர் முதலில் உறங்குதல் வேண்டும். ஊர் காணும் ஆவலில் உறக்கத்தை இழந்து, மாலையில் வண்டி ஓட்டித் திரும்புதல் பெருந்தீங்கு.

நான்காவது, மகளிருக்கு உரிய பங்கு. பஞ்சாயத்துகளில் பெண்களுக்குச் சரிபாதி இடம் ஒதுக்கியிருக்கும் இக்காலத்தில், பயிற்சிக்குச் செல்லும் பெண் அங்கத்தினரை, “கூட்டம் முடிந்ததும் உடனே வா” என்று விரட்டுவது நியாயமன்று. நான்கு பேர் சேர்ந்து சென்று, நான்கு இடம் பார்த்துவரட்டும்.

இனி, மறுபக்கத்தையும் நோக்குவோம். நாம் நகருக்குச் செல்வதைப் போலவே, தொழில் நிமித்தம் ஓசூருக்கு வருவோரும் அநேகர். கனரக வாகனமும் இருசக்கர வாகனமும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகளைக் காண நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வருகிறார்கள். ஆலையையும் விடுதி அறையையும் கண்டு திரும்பிவிடுகிறார்கள். நம் பெரியவர் மண்டியை மட்டும் கண்டதைப் போன்றதே இதுவும்.

அவர்களுக்குக் காட்ட நம்மிடம் என்ன இல்லை? இராசாசி 1878-இல் பிறந்த தொரப்பள்ளி வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1824-இல் தொடங்கிய மத்திகிரி கால்நடைப் பண்ணை இருக்கிறது. மல்லச்சந்திரத்தில் பண்டை மக்கள் எழுப்பிய கற்திட்டைகள் இருக்கின்றன. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று 2022-இல் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். இவற்றிற்கெல்லாம் மேலாக, மலர்த் தோட்டமும் காய்கறிக் கழனியும் இருக்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும் ஊர் இது. வருவோர்க்கு மொழித் தடையும் குறைவே.

தெலங்கானத்துப் போச்சம்பள்ளியை நினைவுகூர்வோம். வினோபா பாவே 1951-இல் பூதான இயக்கத்தைத் தொடங்கிய நெசவூர் அது. 2021-இல் உலகச் சுற்றுலா அமைப்பு அதைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. ஐதராபாத்திற்கு வேலையாக வருபவர் அரை நாள் ஒதுக்கித் தறி ஓடுவதைக் கண்டு, சேலையும் வாங்கிச் செல்லலாம். அவ்வூரார் தம் வாழ்க்கையை வேடமாக மாற்றிக்கொள்ளவில்லை. தம் தொழிலையே காட்டுகிறார்கள்.

நம் பஞ்சாயத்துகள் இதற்குப் பெருநிதியைத் தேட வேண்டுவதில்லை. வழிகாட்டும் பலகை ஒன்று, நல்ல குடிநீர், தூய கழிப்பிடம், குப்பையில்லாத் தெரு, ஊர்க் கதை சொல்லத் தெரிந்த இளைஞர் இருவர் ஆகியவை போதும். மகளிர் குழுவினர் களியும் கீரைக்குழம்பும் சமைத்து, நேர்மையான விலைக்கு அளிக்கலாம். மருந்து தெளித்த தோட்டத்திலும் பசுமைக்குடிலிலும் விருந்தினரை விடலாகாது. எவர் வீட்டையும் அவர் சம்மதமின்றிக் காட்சிப்பொருளாக்கலாகாது. பழைய கற்களின்மேல் பெயர் கிறுக்க விடலாகாது.

அன்பர்களே, கழிப்பிடமும் குடிநீரும் விருந்தினருக்காக அமைத்தாலும், ஆண்டு முழுவதும் பயன்பெறுவோர் நாமே. பிற ஊர் கண்டவரே தம் ஊரின் குறையையும் நிறையையும் அறிவார். ஆகவே, ஒவ்வொருவரும் இவ்வாண்டில் ஒருமுறையேனும் சரக்கு விற்ற நாளில் அரைப்பொழுதை ஒதுக்குங்கள். வீட்டில் இதுவரை எல்லை தாண்டாத ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கண்டதை வந்து ஊரில் சொல்லுங்கள். பேரிகை என்றால் முரசு. முரசு கொட்டும் ஊருக்குச் சொல்லுவதற்குச் செய்தி வேண்டுமல்லவா?