கொழுந்தும் கையும்



திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலையேறினால் போனக்காட்டை அடைகிறோம். அகத்தியர்கூடத்துக்கு நடந்து செல்வோர் புறப்படும் இடம் அதுவே. தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த தேயிலைத் தோட்டம் அங்கு உள்ளது. அதன் தொழிற்சாலை ஓய்ந்து பல ஆண்டுகளாயின. எனினும் பறிப்பாரின்றி மரம்போல் உயர்ந்துவிட்ட தேயிலைச் செடிகள் தளிர்விடுவதை நிறுத்தவில்லை. இயந்திரம் நின்ற பின்னும் இலையின் தொழில் எவ்வாறு நடைபெறுகிறது?

இலையின் உயிரணுக்களிலுள்ள பசுங்கணிகங்கள் கதிரவன் ஒளியைப் பற்றுகின்றன. அவ்வொளியின் ஆற்றலால் நீர் பிளவுபட்டுப் பிராணவாயு வெளியேறுகிறது. கரியமில வாயு சர்க்கரையாக மாறுகிறது. ஒளியே உணவாகச் சேமிக்கப்படுகிறது என்று கூறலாம்.

நம் உயிரணுக்களுக்கு இவ்வித்தை கைவராது. நாம் உண்ட சோறு சர்க்கரையாகி உயிரணுவைச் சேர்கிறது. அங்கே மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் பிராணவாயுவின் துணையால் அதைப் படிப்படியாக எரிக்கின்றன. சர்க்கரை மூலக்கூறு ஒரு பெரிய நோட்டைப் போன்றது; சிறு செலவுக்கு அதை நீட்ட இயலாது. உயிரணு அதை ஏறக்குறைய 30 ஏ.டி.பி. மூலக்கூறுகளாகச் சில்லறை மாற்றிக்கொள்கிறது. கொழுந்து கிள்ளும் விரல் அசைவது இச்சில்லறையால்தான். தேயிலைச் செடியும் தன் உள்வேலைகளுக்கு இதே நாணயத்தையே வழங்குகிறது.

இந்நாணயத்தைக் கண்டறிந்தோருள் ஒருவர் நம் நாட்டவர். பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர். 1929-இல் அவரும் சைரஸ் ஃபிஸ்கும் தசையில் ஏ.டி.பி. இருப்பதைக் கண்டனர், அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியே கண்டார்.

இச்சில்லறையைச் சேர்த்துவைக்க முடியாது என்பதை நாம் மறத்தலாகாது. எந்நேரமும் உடலில் இருப்பது மிகச் சிறிதளவே. திரும்பத் திரும்ப ஆக்கப்படுவதைக் கூட்டினால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய நம் உடல் எடையளவு வரும். புதிதாக ஆக்காவிடில், உழைக்கும் தசையின் இருப்பு சில நொடிகளில் தீர்ந்துபோம். சோறு கிடைக்காதபோது உடல் தன் கொழுப்பை எரிக்கிறது. பின்னர்த் தன் தசையையே கரைக்கிறது. கூலியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிக் கணக்கெழுதலாம். உயிரணுவின் கணக்கில் அத்தகைய தவணை இல்லை.

கூலி தடைப்பட்ட நாட்களை லயங்களில் கழித்தோர் இதை நூலில் படித்து அறிய வேண்டியதில்லை. பறிப்பாரற்ற செடி வெயிலைக் கொண்டு வாழும். பறித்த கைக்கோ சோறு வேண்டும். அதுவும் அன்றன்றே வேண்டும்.