'ஒன்றுமில்லை' என்ற சீட்டுக்கு யார் ஜவாப்தாரி?

(தொழிலாளர் வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய உரை)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பெருங்குடல் புற்றுநோய். அதைக் கண்டுபிடிக்கும் குழாய்ப் பரிசோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதே நம் முக்கியமான கேள்வி. டாக்டர்கள் பேச வேண்டியதை நாம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். குழாய் போகும் வயிறு நம்முடையது. ஆகவே நாமும் பேசத்தான் வேண்டும்.

முதலில் நோயைப் பார்ப்போம். பெருங்குடலின் உள்சுவரில் சிறு சதை முளைகள் தோன்றுவது உண்டு. பாலிப் என்பார்கள். எல்லா முளையும் புற்றாவதில்லை. ஆனால் பெருங்குடல் புற்றில் பெரும்பாலானவை அடினோமா என்ற ஒரு வகை முளையிலிருந்துதான் தொடங்குகின்றன. முளை புற்றாக மாறப் பல வருஷங்கள் பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்து அகற்றிவிட்டால், வரவிருந்த நோய் வராமலே போகும். களையைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குவதற்கும், அது பயிரை அமுக்கி வளர்ந்தபின் பிடுங்குவதற்கும் உள்ள வித்தியாசம் வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பரிசோதனைக்குக் கொலனோஸ்கோப்பி என்று பெயர். முனையில் காமிரா பொருத்திய, வளையக்கூடிய நீண்ட குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்துகிறார்கள். சிறுகுடல் வந்து பெருங்குடலில் சேரும் இடம்வரை கொண்டுபோகிறார்கள். பிறகு மெதுவாக வெளியே இழுத்தபடி, சுவரின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். முளை தென்பட்டால் அந்தக் குழாய் வழியாகவே கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் நோயாளியின் கையில் ஒரு சீட்டு வருகிறது. 'ஒன்றுமில்லை' என்று அதில் எழுதியிருந்தால் நிம்மதியாக வீடு திரும்புகிறார். அந்த நிம்மதி மெய்யானதா? குழாய் பாதி வழியிலேயே நின்றிருந்தால்? மடிப்புக்குப் பின்னால் இருந்த முளை அவசரத்தில் விட்டுப்போயிருந்தால்? அவருக்கு எப்படித் தெரியும்? தறியில் இழை அறுந்தால் துணியே காட்டிக்கொடுத்துவிடும். இந்த வேலையில் விட்டுப்போன குறையோ சில வருஷங்கள் கழித்து, ஆள் படுத்த பிறகுதான் வெளியே தெரியும்.

பிரிட்டன் கற்ற பாடம்

இது வீண் பயமல்ல. பிரிட்டனில் 1948 முதல் சர்க்கார் மருத்துவ சேவை இருந்து வருகிறது. அங்கே 1999ல் 3 பிராந்தியங்களில் நடந்த 9,223 கொலனோஸ்கோப்பிகளைக் கணக்கெடுத்தார்கள். முடிவு 2004ல் வெளியாயிற்று. பெருங்குடலின் கடைசிவரை குழாய் போனதாகச் சொல்லப்பட்டவை 100க்கு 77. போய்ச் சேர்ந்ததற்குத் தக்க அத்தாட்சி வேண்டும் என்று கண்டிப்பாகக் கணக்கிட்டபோது அது 57 ஆக இறங்கிற்று. தம்முடைய முதல் 100 பரிசோதனைகளை மேற்பார்வையின் கீழ் கற்றுக்கொண்ட டாக்டர்கள் 100க்கு 17 பேர்தான். பரிசோதனைக்கு வந்தவர்களில் 769 பேருக்கு ஒருவர் வீதம் குடலில் ஓட்டை விழுந்தது.

இந்தக் கணக்கை அவர்கள் மறைக்கவில்லை. பகிரங்கமாக வெளியிட்டார்கள். பயிற்சி முறையைத் திருத்தினார்கள். பரிசோதனைக் கூடங்களைச் சோதித்து அங்கீகாரம் தரும் ஏற்பாட்டைப் பலப்படுத்தினார்கள். 2006ல் இங்கிலாந்தில் 60 வயது முதல் 69 வரை உள்ளவர்களுக்கு மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று சோதிக்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. ரத்தம் தென்பட்டவர்களைக் கொலனோஸ்கோப்பிக்கு அழைத்தார்கள். இந்தத் திட்டத்தில் குழாயைக் கையில் எடுக்கும் டாக்டர், ஏற்கெனவே அனுபவம் உள்ளவரானாலும் சரி, தேர்வு எழுத வேண்டும். தேர்வாளர்கள் கண்ணெதிரே வேலை செய்துகாட்ட வேண்டும். 100க்கு 90 பேருக்காவது குடலின் கடைசிவரை போயிருக்க வேண்டும் என்று விதித்தார்கள்.

பலன் என்ன? 2011ல் பிரிட்டன் முழுவதும் 20,085 பரிசோதனைகளைக் கணக்கெடுத்தார்கள். கடைசிவரை போனவை 100க்கு 92. குடலில் ஓட்டை விழுந்தது 10,000க்கு 4. குழாயும் மாறவில்லை, குடலும் மாறவில்லை என்றே சொல்லலாம். மாறியது பயிற்சி, மேற்பார்வை, கணக்கு.

6 நிமிஷத்தின் விலை

கடைசிவரை போனால் மட்டும் போதுமா? போதாது. திரும்பி வரும்போதுதான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 12 டாக்டர்களின் வேலையை ஆராய்ந்து 2006ல் வெளியிட்டார்கள். குழாயை வெளியே இழுக்கச் சராசரியாக 6 நிமிஷமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்கள், 100க்கு 28 பேரிடம் முளைகளைக் கண்டுபிடித்தார்கள். 6 நிமிஷத்துக்குக் குறைவாக எடுத்துக்கொண்டவர்கள் கண்டது 100க்கு 12 பேரிடம் மட்டுமே. படித்த படிப்பு ஒன்று, கருவி ஒன்று. பார்த்த நேரம் வேறு. அவசரத்தில் மிச்சமானது சில நிமிஷம். விட்டுப்போனதோ பாதிக்கு மேல்!

போலந்திலிருந்து இன்னொரு கணக்கு 2010ல் வந்தது. 186 டாக்டர்கள், 45,026 பேரைப் பரிசோதித்தார்கள். தாம் பார்த்த 100 பேரில் 20 பேரிடமாவது அடினோமாவைக் கண்டுபிடித்த டாக்டர்கள் ஒரு பக்கம்; அதற்குக் கீழே நின்றவர்கள் மறுபக்கம். இரண்டாவது பிரிவினரிடம் பரிசோதனை செய்துகொண்டு போனவர்களுக்கு, அடுத்த பரிசோதனைக்கு முன்பே புற்று வரும் அபாயம் 10 மடங்குக்கு மேல் இருந்தது. அவர்கள் கையிலும் 'ஒன்றுமில்லை' என்ற சீட்டுத்தான் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எண்ணுவது எதற்காக?

வேலையை எண்ணுவது என்றாலே நமக்குக் கசப்புத்தான். மில்லில் எண்ணுகிறவன் கூலியைப் பிடிக்க எண்ணுகிறான். வேகத்தை ஏற்ற எண்ணுகிறான். ஆனால் எண்ணிக்கையின் குணம் எண்ணுகிறவனின் நோக்கத்தைப் பொறுத்தது. போலந்தில் ஒவ்வொரு டாக்டருக்கும் அவருடைய கணக்கை வருஷந்தோறும் காட்டினார்கள். 2017ல் வெளியான ஆராய்ச்சியின்படி, அங்கே 294 டாக்டர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் தம் வேலையில் முன்னேறினார்கள். அப்படி முன்னேறியவர்களிடம் வந்த நோயாளிகளுக்குப் பிற்பாடு புற்று வரும் அபாயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆளைத் துரத்துவதற்காக எண்ணியிருந்தால் கணக்கில் பொய் புகுந்திருக்கும். கற்றுக்கொடுப்பதற்காக எண்ணியதால் உயிர்கள் பிழைத்தன.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு காலைப்பொழுதில் இத்தனை பேரை முடித்தாக வேண்டும் என்று வரிசையை நெருக்கிக் கட்டினால், கைதேர்ந்த டாக்டரும் 6 நிமிஷம் பார்க்க முடியாது. குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்தை எப்போது, எப்படிக் குடிப்பது என்று சொல்லித்தர நர்சு இல்லாவிட்டால், சுவரில் அழுக்குத்தான் தெரியும், முளை தெரியாது. ஒருவருக்குப் போட்ட குழாயைச் சரிவரக் கழுவிக் கிருமி நீக்காமல் அடுத்தவருக்குப் போட்டால் நோயைக் கொடுத்தனுப்புவதாகும். ஆகவே தரம் என்பது ஒரு டாக்டரின் கைத்திறன் மாத்திரமல்ல. ஆஸ்பத்திரி முழுவதன் பொறுப்பாகும். நோயாளியின் மானம் காக்கப்பட்டதா, வலி பொறுக்கும்படி இருந்ததா என்பதையும் பிரிட்டனில் தரக்கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். ஏழை என்றால் வலி குறைவாகவா இருக்கும்?

நாம் செய்ய வேண்டியது

நம் நாட்டில் மத்திய சர்க்கார் 2016ல் வகுத்த புற்றுநோய்ச் சோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்குமானது. பெருங்குடல் அதில் சேரவில்லை. ஆனால் உடம்பில் கோளாறு கண்டு இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் நம்மிலும் உண்டு. மலத்தில் ரத்தம் வந்தால் 'மூலம்தானே' என்று நாமே தீர்மானித்துவிடக் கூடாது. மூலமாகவே இருக்கலாம்; அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். மலம் போகும் பழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலும், காரணமின்றி உடல் இளைத்தாலும், ரத்தசோகை கண்டாலும் உடனே காட்ட வேண்டும். கூடப் பிறந்தவர்களுக்கோ பெற்றோருக்கோ இந்த நோய் இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

பரிசோதனை முடிந்ததும் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். குழாய் கடைசிவரை போயிற்றா? குடல் சுத்தமாக இருந்ததா? மறுபடி எப்போது வர வேண்டும்? இதைக் கேட்பது டாக்டரை அவமதிப்பதல்ல. நல்ல டாக்டர் சந்தோஷமாகப் பதில் சொல்லுவார். பதிலைச் சீட்டிலும் எழுதித் தரும்படி கேளுங்கள்.

தோழர்களே! பரிசோதனை நடந்தது என்பது ஒன்று. பார்க்க வேண்டியதைப் பார்த்தார்கள் என்பது வேறு. எத்தனை பேருக்குக் குழாய் போட்டார்கள் என்ற கணக்கோடு நில்லாமல், எத்தனை பேருக்குக் கடைசிவரை பார்த்தார்கள், எத்தனை முளைகளைக் கண்டார்கள் என்ற கணக்கையும் ஜனங்கள் முன் வைக்க வேண்டும். அப்போதுதான் 'ஒன்றுமில்லை' என்ற சீட்டுக்கு ஒரு ஜவாப்தாரி இருப்பார். அதை நம்பி நாமும் நிம்மதியாக வீடு திரும்பலாம்.