ஒரு வாக்கில் பிழைத்த வீடு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் விண்வெளி நிலையத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பொதுப்பணத்தில் எழும் எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தும் பாடம் அதில் இருக்கிறது.

1984 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், பத்தாண்டுகளுக்குள் மனிதர் நிரந்தரமாகத் தங்கும் நிலையமொன்றை அமைக்கும்படி நாசாவைப் பணித்தார். செலவு 8 பில்லியன் டொலர் என்றார்கள். வரைபடங்கள் மாறின, தொகை ஏறியது, ஒன்பது ஆண்டுகளாகியும் ஒரு பகுதிகூட மேலே போகவில்லை. 1993 ஜூனில் திட்டத்தைக் கைவிடும் பிரேரணை பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. ஆதரவு 215, எதிர்ப்பு 216. ஒரே வாக்கில் நிலையம் பிழைத்தது.

கைவிடச் சொன்னவர்களை அறிவியலின் பகைவர் என ஒதுக்கிவிட முடியாது. ஆளில்லா விண்கலங்கள் குறைந்த செலவில் கூடுதலாக அறிந்து தரும் என்று விஞ்ஞானிகள் பலரே வாதிட்டனர். அதில் நியாயமுண்டு.

அதே ஆண்டில் ரஷ்யாவும் பங்காளியாக அழைக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் தவித்து நின்ற பொறியியலாளர்கள் தம் ரொக்கெட் அறிவை ஆயுதம் தேடுவோருக்கு விற்றுவிடக்கூடாது என்ற கவலையும் இதற்கு ஒரு காரணம். 1998 நவம்பரில் ஏறிய முதற்பகுதியான ஸர்யாவைக் கட்டியது ரஷ்யா. பணம் கொடுத்தது அமெரிக்கா. 2000 நவம்பர் 2 முதல் அங்கு ஆளில்லாத நாளே இல்லை. நேற்றைய பகைவர் ஒரே காற்றைச் சுவாசித்து வாழ்ந்தனர். செலவுக்குக் கிடைத்த பெரும்பயன் இதுவே என்பது எமது எண்ணம். ஆனால் சீனாவுக்கு அங்கு இடமிருக்கவில்லை. அது தனக்கெனத் தனி நிலையம் கட்டிக்கொண்டது.

கட்டியதோடு செலவு முடியவில்லை. நடத்துவதற்கு நாசாவுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் வேண்டும். ஆயுள் முடிந்ததும் பாதுகாப்பாகக் கடலில் இறக்கும் கலத்துக்கு மட்டும் 843 மில்லியன் டொலர் வரையிலான ஒப்பந்தம் 2024 இல் செய்யப்பட்டது.

இது எமக்குப் புதிதல்ல. மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டப் பலர் வருவர். ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றச் சிலரே வருவர்.

அன்புச் சகோதரிகளே, உங்களுள் பலர் இன்று பொதுப்பணத்தைப் பங்கிடும் மேசைகளில் அமர்ந்திருக்கிறீர்கள். திட்டமொன்று முன்னே வந்தால் மூன்று தொகைகளைக் கேளுங்கள்: கட்ட எவ்வளவு, நடத்த எவ்வளவு, முடிக்க எவ்வளவு? மூன்றுக்கும் விடை கிடைத்தபின் துணிந்து கையை உயர்த்துங்கள்.