சீதன உறுதியும் கணவன் கையொப்பமும்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் பேசி முடிந்தால், தகப்பனார் சோதிடரிடம் ஒருமுறையும் நொத்தாரிசிடம் ஒருமுறையும் போய்வருவது நம்மவர் வழக்கம். சோதிடர் குறித்துக் கொடுத்த நாள் கலியாணத்தோடு முடிந்துவிடும். நொத்தாரிசு எழுதிய சீதன உறுதியோ அப்பெண்ணின் ஆயுள் முழுவதும் அவளோடு கூடவரும். அந்த உறுதியினால் அவள் பெற்றது எவ்வளவு, பெறாதது எவ்வளவு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நமது தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் ஏறியது. தேசாதிபதி சைமன்ஸ் கட்டளையிட, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்து 1707ஆம் ஆண்டு சனவரியில் ஒப்படைத்தார். தமிழில் பெயர்த்தபின் பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டனர். ஆங்கிலேயரும் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தினால் அதனை உறுதிசெய்தனர். கணவன் கொண்டுவருவது முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். கூடிவாழுங் காலத்தில் ஈட்டுவது தேடியதேட்டம். ஆதியில் தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. பறங்கியர் காலந்தொட்டு எந்தச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் நுழைந்தது.

சீதனம் வாங்கிய மகள் அதனோடு அமைந்துவிட வேண்டும். பெற்றோரின் எஞ்சிய சொத்தில் அவள் பங்கு கேட்க முடியாது. கொடுத்த காணியையும் பத்தாண்டுக்குள் கையேற்று ஆளாவிட்டால் உறுதி பயனற்றுப்போகும் என்பது பழைய விதி. நம் கிராமங்களில் அண்ணன் தங்கை வழக்குகள் எத்தனையோ இந்த இரண்டு விதிகளில் வேர்கொண்டவை. எனினும் ஒன்றை மறுக்க முடியாது. காணி அவளுடைய பெயரிலேயே இருந்தது.

இதன் அருமையை அறிய அக்காலத்து அமெரிக்காவைச் சற்றுப் பார்க்கவேண்டும். 1816ஆம் ஆண்டு அமெரிக்க மிசனரிமார் இங்கு வந்தனர். 1824ஆம் ஆண்டு ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலிலே பெண்கள் பாடசாலையைத் தொடக்கினார். அவர் கனெற்றிக்கற் மாநிலத்திற் பிறந்தவர். ஆங்கிலேயரிடமிருந்து அந்நாடு பெற்ற பொதுச் சட்டப்படி, விவாகமான பெண்ணுக்குச் சட்டத்தின் முன் தனியாள் என்ற நிலையே இல்லை. அவளுடைய பணமும் பண்டமும் கணவனுடையவை. நிலம் அவள் பெயரில் இருந்தாலும் அதன் ஆட்சியும் வருவாயும் கணவனுக்கே. உடுவிற் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த அம்மையாரிலும் பார்க்க, அப்பிள்ளைகளின் தாய்மாருக்குச் சொத்துரிமை அதிகம் என்று சொன்னால் அது மிகையன்று.

அந்நாட்டிலும் ஒரு பழைய வழமையே பெண்ணைக் காப்பாற்றிய கதை உண்டு. மிசிசிப்பி மாநிலத்தில் பெற்சி லவ் என்றொரு பெண் இருந்தாள்; சிக்கசோ என்னும் ஆதிக்குடியைச் சேர்ந்தவள். கணவன் பட்ட கடனுக்காக, அவள் மகளுக்கு எழுதிக்கொடுத்திருந்த சொத்தைக் கடன்காரன் பறிக்க முயன்றான். அவர்கள் குடிவழமைப்படி மனைவியின் சொத்து கணவனைச் சேராது என்று நீதிமன்றம் 1837ஆம் ஆண்டு தீர்த்தது. அந்தச் 'சொத்து' அடிமையாக்கப்பட்ட ஒரு மனிதர் என்பதையும் மறையாது சொல்லவேண்டும். ஒருத்தியின் உரிமை மற்றொருவரின் விலங்காகவும் இருந்த காலம் அது.

இரண்டாண்டு கழித்து, 1839இல், மிசிசிப்பியில் விவாகமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் நிறைவேறியது. அதுவும் உடைமையை அவளுக்குத் தந்து, நிருவாகத்தைக் கணவனிடமே விட்டது. நியூயோர்க் மாநிலம் 1848இல் உடைமையை வழங்கி, அடுத்த ஆண்டே காணியைத் தானாக எழுதிக்கொடுக்கும் உரிமையையும் வழங்கியது.

நாம் அந்த இரண்டாவது படியில் நின்றுவிட்டோம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சீதனத்தை மனைவியின் தனிச் சொத்து என்று தெளிவாகச் சொன்னது. நகையையும் பணத்தையும் அவள் கணவனைக் கேளாமலே கொடுக்கலாம், விற்கலாம். மரணசாதனம் எழுதிக் காணியையும் யாருக்கும் விட்டுச்செல்லலாம். அதற்கும் கணவன் சம்மதம் வேண்டியதில்லை. ஆனால் உயிரோடிருக்கும்போது அதே காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்! செத்தபின் தன் விருப்பம் செல்லும், இருக்கும்போது செல்லாது என்னும் இவ்விநோதத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1947ஆம் ஆண்டின் திருத்தம் வேறொரு குறையைத் தீர்த்தது: சீதனத்தை விற்று வாங்கிய காணி தேடியதேட்டமாகி அதிற் பாதி கணவனுக்குப் போகாதபடி செய்தது. கையொப்ப விதியை அது தொடவில்லை.

கையொப்பம் பெண்ணுக்குக் காவல் என்று வாதிப்பார் உளர். ஏமாற்றுக்காரர் ஆண்களையும் ஏமாற்றுவரே! தன் முதுசக் காணியை விற்கும் கணவன் மனைவியிடம் ஒப்பம் கேட்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே இது காவல் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதன்று.

கணவன் கைவிட்டுப் போனாலும், இருக்குமிடம் தெரியாவிட்டாலும், நியாயமின்றி மறுத்தாலும் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து அனுமதி பெறலாம் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டமே வழி வைத்திருந்தது. 2009இல் போர் முடிந்தபின், கணவன் காணாமற்போன பெண்கள் பலருக்கு இந்த வழியே எஞ்சியது. இறந்தார் என்று சொல்ல மனம் ஒப்பாதவர்கள், அவர் இருக்குமிடம் தெரியாது என்று மன்றிலே சொல்லவேண்டியிருந்தது.

எங்கள் பாடசாலையில் ஒரு மாணவி மருத்துவபீடத்துக்குத் தெரிவானாள். கட்டணம் இல்லையாயினும் விடுதிக்கும் புத்தகத்துக்கும் பணம் வேண்டும். தாயாருக்குச் சீதனமாக நான்கு பரப்புத் தோட்டக்காணி இருந்தது. வாங்குவதற்கு அயலவர் ஒருவரும் ஆயத்தமாக இருந்தார். தகப்பன் கடல்கடந்து போய் ஆறு வருடம், கடிதமுமில்லை, முகவரியுமில்லை. நொத்தாரிசு உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவருடைய ஒப்பம் வேணும், அம்மா" என்றாராம். "இது என்ரை அம்மா எனக்குத் தந்த காணி, ஐயா" என்று அந்தத் தாய் என்னிடம் வந்து சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. மனுப்போட்டு அனுமதி வந்தபோது, அயலவர் வேறு காணி வாங்கிவிட்டார். மகள் முதலாம் வருடம் படித்தது தாயின் காப்பை அடகுவைத்த பணத்தில். காப்புக்கு யாருடைய ஒப்பமும் தேவைப்படவில்லை.