வழக்காடுவது பேராசையா?

(டார்ம்ஸ்டாட் நகரில் நடைபெற்ற தமிழர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நட்டஈட்டு வழக்கு என்றதும் எம்மவர் பலருக்கு நினைவில் எழுவது, கோப்பியைத் தன்மீது கொட்டிக்கொண்டு கோடீசுவரியான அமெரிக்கப் பெண்மணியின் கதையே. நீதிமன்றம் பேராசைக்காரரின் சூதாட்டக் களம் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பிய கதை அது. உண்மையில் நடந்தது வேறு.

1992 ஆம் ஆண்டு, நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், நிறுத்தப்பட்டிருந்த காரில் அமர்ந்து மக்டொனால்ட்ஸ் கோப்பியின் மூடியைத் திறந்தார் 79 வயதான ஸ்டெல்லா லீபெக். 80 பாகை செல்சியசுக்கும் மேலான சூட்டில் விற்கப்பட்ட கோப்பி அவர் மடியில் கொட்டியது. மூன்றாம் நிலைத் தீக்காயம். எட்டு நாட்கள் மருத்துவமனை. தோல் ஒட்டுச் சிகிச்சை. அவர் கேட்டது 20,000 டொலர். நிறுவனம் தர முன்வந்தது 800 டொலர். அதன் பின்னரே வழக்கு.

முந்தைய பத்தாண்டுகளில் இத்தகைய 700 இற்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் அந்நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. மென்பொருள் துறையில் ஒரே பிழை குறித்து 700 முறைப்பாடுகள் வந்தும் திருத்தாதவரை நாம் என்ன சொல்வோம்?

1994 இல் யூரிகள் அவருக்கும் 20 விழுக்காடு பொறுப்பு உண்டென்றனர். அவர்கள் விதித்த 27 இலட்சம் டொலர் தண்டத்தை நீதிபதி 4,80,000 டொலராகக் குறைத்தார். இறுதியில் இருதரப்பும் வெளியிடப்படாத தொகைக்கு இணங்கின. மக்கள் மனத்தில் நிலைத்ததோ 27 இலட்சம் மட்டுமே.

இத்தகைய கதைகள் நட்டஈட்டுக்கு உச்சவரம்பு கோரியோருக்கு வலுச் சேர்த்தன. 2003 இல் டெக்சாஸ் மாநிலம், மருத்துவத் தவறு வழக்குகளில் வலிக்கும் வேதனைக்கும் மருத்துவர் செலுத்தவேண்டிய தொகையை 2,50,000 டொலருக்குள் மட்டுப்படுத்தியது. மருத்துவர்களின் காப்புறுதிச் செலவு உண்மையான சிக்கலே. ஆயினும் அவ்வரம்பு பொய் வழக்கை மட்டுமன்றி, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவரின் மெய் வழக்கையும் வெட்டுகிறது.

நாம் வாழும் யேர்மனியின் முறை வேறு. இங்கு குடியியல் வழக்குகளில் யூரிகள் இல்லை. தண்டனை நோக்கிலான பெருந்தொகையும் இல்லை. தோற்றவரே எதிர்த்தரப்பின் சட்டத்தரணிச் செலவையும் ஏற்கவேண்டும். இவ்விதி வீண் வழக்கைத் தடுக்கிறது. எளியவரை அச்சுறுத்தவும் செய்கிறது. அதனால்தான் வருமானம் குறைந்தோர் உள்ளூர் நீதிமன்றமான அம்ட்ஸ்கெரிக்டில் சட்ட ஆலோசனை உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வெற்றி வாய்ப்புள்ள வழக்குக்கு வழக்குச் செலவு உதவியும் உண்டு. ஆனால் தோற்றால் எதிர்த்தரப்பின் சட்டத்தரணிச் செலவை அது ஈடுசெய்யாது.

தாயகத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தது. சூழலியல் ஆர்வலர் ஒருவர் 2015 இல் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி நிறுவனமான நொதேர்ன் பவர், அப்பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தம் கிணற்று நீருக்காக நியாயம் கேட்ட அம்மக்களைப் பேராசைக்காரர் என்று எவரேனும் கூறுவரோ?

உறவுகளே, வேலைத்தளத்திலோ வீதியிலோ மருத்துவமனையிலோ பாதிப்பு நேர்ந்தால், "எமக்கேன் கோடு கச்சேரி" என்று ஒதுங்காதீர்கள். கடிதங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் பேணுங்கள். பாதிப்பையும் பொறுப்பாளரையும் அறிந்த ஆண்டின் இறுதியிலிருந்து மூன்றாண்டுகளே பொதுவான காலவரையறை. அது கடந்துவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லை.