அந்தரத்தில் நிற்கும் கலை



ஏரிக்கரையில் உலவியவர்கள் கருப்பும் வெள்ளையும் கலந்த மீன்கொத்தியைக் கண்டிருப்பீர்கள். நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்தவண்ணம் அது நிற்கும். பறவைகள் பறப்பது நமக்கு வியப்பன்று. பறக்கும் பறவை அந்தரத்தில் நிற்பதுதான் வியப்பு. வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி ஹெலிகாப்டரைப் பழக விரும்புவோர் முதலில் கற்கவேண்டுவது இந்த நிற்றலையே. இன்று நான் கூற வந்ததும் அதுவே.

மாதிரி விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. நன்கு அமைந்த மாதிரி விமானம், இயக்குபவர் கையை எடுத்துவிட்டாலும் சிறிது நேரம் தானாகவே நேராகச் செல்லும். ஹெலிகாப்டரோ, இயல்பில் அவ்வாறு செல்லாது. சற்றுச் சாய்ந்தால் சாய்ந்த பக்கமே நகரும். அதை நிறுத்த எதிர்ப்பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம் ஓடத் தொடங்கும். சாய்வைத் திருத்துவதோடு, திருத்தியதையும் உடனே திருத்த வேண்டும். உள்ளங்கையில் கோலை நிமிர்த்தி வைத்து விளையாடிய சிறுவருக்கு இது எளிதில் விளங்கும்.

இதன் காரணம் என்ன? மேலேயுள்ள பெரிய விசிறி ஒரு திசையில் சுழலும்போது, நியூட்டன் வகுத்த மூன்றாம் விதிப்படி, உடற்பகுதி எதிர்த்திசையில் சுழல முனைகிறது. அதைத் தடுப்பதே வால் விசிறியின் வேலை. விசையைக் கூட்டினால் இந்த முனைப்பும் கூடும். வால் விசிறியும் அதற்கேற்ப மாறியாக வேண்டும். ஏறி இறங்குதல், முன்பின் சாய்தல், பக்கம் சாய்தல், திரும்புதல் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றைத் தொட்டால் மற்றவையும் அசையும்.

ஹெலிகாப்டரை உலகுக்கு அளித்தவர்களுள் முதன்மையானவரான இகோர் சிகோர்ஸ்கியும் நிற்றலிலிருந்தே தொடங்கினார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், 1939 செப்டம்பர் 14 அன்று, தாம் வடிவமைத்த வி.எஸ்.-300 என்னும் பொறியைத் தாமே இயக்கித் தரையிலிருந்து எழுப்பினார். அப்போது பொறி கயிற்றால் தரையோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது கவிழ்ந்து சேதமுற்றது. அவர் சோர்வடையாமல் திருத்தியமைத்தார். 1940 மே 13 அன்று கட்டில்லாமல் பறந்தது. ஐம்பது வயதைக் கடந்த அறிஞர் சில அங்குல உயரத்திலிருந்து பயின்றார் என்றால், நமக்கு அவசரம் எதற்கு?

மாதிரி ஹெலிகாப்டர்களிலும் அவ்வாறே நடந்தது. ஆர்வலர் பலர் முயன்று தோற்றபின், ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர், பெரிய விசிறிக்குக் குறுக்கே நிலைப்படுத்தும் தண்டு ஒன்றை அமைத்து வெற்றி கண்டார். 1970 இல் தம் மாதிரியை இருபத்தேழு நிமிடங்களுக்கு மேல் வானில் நிறுத்திச் சாதனை புரிந்தார். பிற்காலத்தில் அந்தத் தண்டின் பணியை மின்னணு ஜைரோக்கள் ஏற்றன. இன்று தொடங்குவோருக்கு அவை பெருந்துணை. எனினும் துணையைத் திறமையென்று எண்ணிவிடலாகாது.

இதை நான் என் தவற்றிலிருந்தே கற்றேன். பயிற்சிக் குறிப்புகளைப் படிக்காமல் சிறிய ஹெலிகாப்டர் ஒன்றைத் திடலுக்குக் கொண்டுசென்றேன். அது எழுந்து ஆளுயரத்தில் நின்றது; மகிழ்ந்தேன். மறுகணம் அதன் மூக்கு என் பக்கம் திரும்பியது. இடப்பக்கம் செல்ல வேண்டுமென்று கைப்பிடியைத் தள்ளினேன். அது வலப்பக்கம் பாய்ந்து தரையில் மோதியது. உடைந்த தகடு ஒன்று, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சிறுவனின் காதருகே பறந்து சென்றது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

ஆகவே தொடங்குவோர் பின்பற்றத்தக்க வரிசையைச் சொல்கிறேன். முதலில் கணிப்பொறித் திரையில் பறக்கவிடும் சிமுலேட்டரில் பழகுங்கள். அங்கே நூறு முறை கவிழ்ந்தாலும் ஒரு தகடும் உடையாது. பின்பு, ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும் இரு விசிறிகளையுடைய சிறு ஹெலிகாப்டரை வீட்டினுள்ளே இயக்கலாம்; அது சாந்தமானது, ஆனால் காற்றைத் தாங்காது. அடுத்து ஒற்றைப் பெருவிசிறி கொண்டதை எடுங்கள். அதன் அடியில் குறுக்காகக் கட்டிய இரு கோல்களும், முனைகளில் பந்துகளும் உள்ள பயிற்சிக் கால்கள், கவிழாமல் காக்கும்.

அதிகாலையில் காற்றடங்கிய நேரத்தில் திடலுக்குச் செல்லுங்கள். ஹெலிகாப்டரின் வால் உங்களை நோக்கியிருக்கட்டும். அப்போது அதன் இடமும் உங்கள் இடமும் ஒன்றே. அந்த நிலையில் அசையாது நிறுத்திப் பழகியபின், பக்கவாட்டில் திருப்பிப் பழகுங்கள். இறுதியாக மூக்கை உங்கள் பக்கம் திருப்புங்கள்; அங்கே இடம் வலமாகும், வலம் இடமாகும். நான் தவறிய இடம் அதுவே. இந்த மூன்றிலும் தேறாமல் முன்னோக்கிப் பறக்கவிடாதீர்கள்.

பாதுகாப்பை மறவாதீர்கள். சுழலும் தகடுகள் கத்திக்கு நிகர். பார்ப்போரை உங்களுக்குப் பின்னே, வெகு தொலைவில் நிறுத்துங்கள். முகத்துக்கு எதிரே பறக்கவிடாதீர்கள். டிரான்ஸ்மிட்டரை முதலில் இயக்கி, ஹெலிகாப்டரை அதன் பின்பு இயக்குங்கள். அணைக்கும்போது இதன் மறுதலை. லிதியம் பாட்டரியின் ஓர் அறை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றப்படலாகாது. உப்பிய பாட்டரியைப் பயன்படுத்தாதீர்கள், மின்னேற்றும்போது விட்டுச் செல்லாதீர்கள், அது தீப்பற்றக்கூடும். இந்தியாவில் 2021 இல் வந்த ட்ரோன் விதிகள் மாதிரிப் பறப்புகளையும் கருத்தில் கொள்கின்றன. விமான நிலையத்தின் சுற்றுவட்டத்தில் அனுமதியின்றி எழுப்பாதீர்கள்.

நண்பர்களே, வேகமும் வித்தையும் பிறகு தாமே வரும். ஆசிரியராயினும் மாணவராயினும், முதலில் ஒன்றை அசையாது நிறுத்தும் பொறுமை வேண்டும். அந்தரத்தில் ஒரு பொறி உங்கள் கையசைவால் அரை நிமிடம் நின்றால், அந்த அரை நிமிடத்தில் நீங்கள் கற்றது மிகுதி. அதைக் கற்றபின் வானம் உங்களுடையது.