பட்டம் கிடைத்த பிறகு மேலே படிப்பதா?
தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை



சம்பளப் பேச்சுவார்த்தை பற்றிப் பேசத்தான் எப்போதும் எங்களைக் கூப்பிடுவீர்கள். இன்று வேறு விசயம். பட்டம் முடித்து வந்த பிள்ளை, “முதுமாணிக்கு விண்ணப்பம் போடவா?” என்று கேட்கிறது. வீட்டில் என்ன சொல்வது? இந்தக் கேள்வி நம் லயங்களுக்குள் வந்துவிட்டதே நமக்குப் பெருமைதான்.

முதலில் காசுக் கணக்கு. இலவசக் கல்வி என்பது பெரும்பாலும் முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. மகாபொல உதவியும் அப்படியே. முதுமாணிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். பேராதனைக்கும் கொழும்புக்கும் போய்வர பஸ் காசு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் வேறு. 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தச் சம்பளத்தில் ஒரு இலட்சம் கட்ட வேண்டுமென்றால், வீட்டில் ஒரு சதமும் செலவழிக்காமல் அம்மா 75 நாள் கொழுந்தெடுக்க வேண்டும். பேர் வெட்டிய பிறகு கைக்கு வரும் சேமலாப நிதியை இதற்கு எடுக்கலாம் என்று சில வீடுகளில் பேசுகிறார்கள். அது அந்தத் தாயின் முதுமைக்கான காசு. அதைத் தொட வேண்டாம் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

அப்படியென்றால் படிக்கவே வேண்டாமா? அதுவும் இல்லை. எதற்காகப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அரச வேலை வரும்வரை சும்மா இருக்கக்கூடாதே என்று முதுமாணியில் சேர்கிறவர்கள் நிறையப் பேர். பட்டதாரி நியமனமும் ஆசிரியர் போட்டிப் பரீட்சையும் பொதுவாகக் கேட்பது முதல் பட்டத்தைத்தான். அந்தக் காசையும் நேரத்தையும் பரீட்சைக்கும் ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் போட்டால் பலன் சீக்கிரம் வரும். ஆசிரியராகப் போகிறவர்கள், நியமனம் கிடைத்த பிறகு சம்பளம் எடுத்துக்கொண்டே பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்யலாம். திறந்த பல்கலைக்கழகமும் தேசிய கல்வி நிறுவகமும் அதை நடத்துகின்றன.

ஆனால் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தில் நல்ல வகுப்பு எடுத்த பிள்ளையின் கதை வேறு. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக நிலைக்க வேண்டுமென்றால் பட்டமேற்படிப்பு இல்லாமல் முடியாது. தோட்டத்தைப் பற்றி ஆராய்ச்சி எழுத எத்தனையோ பேர் வெளியிலிருந்து வருகிறார்கள், லயத்தை அளந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம் பிள்ளைகளும் அந்த ஆராய்ச்சியை எழுத வேண்டாமா? அந்தப் பிள்ளையை, “படித்தது போதும், கொழும்பில் ஒரு வேலை பார்” என்று நிறுத்திவிடாதீர்கள். பெண்பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் நிறுத்துகிறோம். கல்யாணப் பேச்சு எடுத்ததும் விண்ணப்பப் படிவம் அலுமாரிக்குள் போய்விடுகிறது. ஒரு வருடம் தள்ளிப் பேசினால் குடி முழுகிப் போகாது.

அப்படிப் படிக்கிற பிள்ளையும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டில் தம்பி சாதாரண தரம் எழுதப் போகிறானா? அவன் படிப்பை நிறுத்தி, கடை வேலைக்கு அனுப்பி அந்தச் சம்பளத்தில் அக்கா முதுமாணி செய்வதை நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஒரு வருடம் வேலை செய்து சேர்த்துக்கொண்டு போகலாம். படித்த துறையிலேயே தற்காலிக உதவி விரிவுரையாளர் இடம் வந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆய்வு உதவியாளர் வேலைகளையும் விசாரிக்கலாம்.

இன்னொரு விசயம், பத்திரிகை விளம்பரங்கள். “ஒரே வருடத்தில் வெளிநாட்டு முதுமாணி” என்று போடுவார்கள். காசு கட்டுமுன் அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று கேளுங்கள். தேசிய தகைமைக் கட்டமைப்பில் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், முதுமாணி 9, ஆய்வுடன் கூடிய முதுமாணி 10. விரிவுரையாளராக நினைப்பவர்கள் எந்த மட்டம் என்று கேட்டுவிட்டே சேர வேண்டும்.

விண்ணப்பப் படிவமும் கட்டண விபரமும் கையில் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் நில்லுங்கள். அம்மா அப்பாவும் கூடவே நிற்கட்டும். உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.